ரேஸ் கொடுத்தால் ஊளையிடும் ஸ்பீக்கர்: கார் ஆடியோவில் எஞ்சின் இரைச்சலைக் கண்டறிந்து நீக்கும் முறை

வேலூரில் சித்திரை பிறந்துவிட்டால் ஏசி போடாமல் யாரும் காரை எடுப்பதில்லை. மற்ற மாதங்களில் திறந்த கண்ணாடி வழியே வரும் காற்றுச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த ஒரு மெல்லிய ஊளை, கண்ணாடிகள் ஏறியதும் ஸ்பீக்கரிலிருந்து துலக்கமாகக் கேட்கத் தொடங்கும். பாட்டோடு சேர்ந்து எஞ்சினும் பாடுகிறது என்ற புகாருடன் வரும் வண்டிகள் அந்த மாதங்களில்தான் அதிகம். வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு நாய்ஸ் ஃபில்டரை வாங்கி மாட்டியிருப்பார்கள்; சிலருக்கு அதனால் இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும், சிலருக்கு ஒன்றுமே மாறியிருக்காது. கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் தரையில் பாத்திரம் வைக்கும் வேலை அது. இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை அதன் குணமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் காதால் செய்ய வேண்டிய சோதனைகளை முதலில் செய்துவிட வேண்டும்.

நம் பக்கத்து ஷெட்டுகளில் வழங்கும் சொற்களையே இங்கேயும் பயன்படுத்துகிறேன். டைனமோ என்பது ஆல்டர்நேட்டர். செட் என்பது டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ. எர்த் என்பது பேட்டரியின் நெகட்டிவோடு சேரும் பாடி இணைப்பு. ஆம்ப் என்பது டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ தனியாகப் பொருத்தப்படும் ஆம்ப்ளிஃபயர்.

தொடங்குமுன்

வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் நின்றுகொண்டு கேட்டால் தேசிய நெடுஞ்சாலை 48-இல் போகும் லாரிகளின் சத்தம்தான் கேட்கும். பாகாயம், தொரப்பாடிப் பக்கத்து உள்தெரு ஒன்றில் விடியற்காலையில் நிறுத்துவது நல்லது. பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து, முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிக் கேளுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விட்டுக் கேளுங்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரேஸ் கொடுத்துக் கேளுங்கள். எந்தக் கட்டத்தில் சத்தம் வந்தது, ரேஸோடு அது மாறியதா, வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்ப்பது பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கம்; இன்றும் சில ஷெட்டுகளில் அதைச் செய்கிறார்கள். பேட்டரியின் தாங்குதல் இல்லாமல் போன அந்த நொடியில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, எஞ்சினை இயக்கும் ஈசியூவையே எரித்துவிடக்கூடும் என்பதால் இன்றைய வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. ஒயரைக் கழற்றி மாட்டும் எந்த வேலைக்கும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களின் பக்கம் போகவே வேண்டாம்.

ரேஸ் கொடுக்கக் கொடுக்கச் சுருதி ஏறும் ஊளை

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். ஸ்லோவில் மெல்லிய விசில் போல இருந்து, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நாதஸ்வரத்தில் சுருதி ஏற்றுவதுபோல மேலேறி, காலை எடுத்ததும் இறங்கும். இந்தச் சத்தம் பிறக்கும் இடம் டைனமோ. அதற்குள் உண்டாவது மூன்று கட்ட மாறுமின்சாரம்; ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றினாலும் மேற்பரப்பில் சிற்றலை போன்ற ஏற்ற இறக்கம் மிஞ்சிவிடும். பன்னிரண்டு துருவங்கள் கொண்ட டைனமோவில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் வரும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, புல்லியின் அளவு வேறுபாட்டால் டைனமோ ஏறத்தாழ 2000 சுற்று ஓடும் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1200 சிற்றலைகள் வருகின்றன. எஞ்சின் 2000 சுற்றைத் தொடும்போது அது 3000 ஆகிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையும் அதுவே என்பதால், சில மில்லிவோல்ட் அளவுக்கு அந்தச் சிற்றலை பாட்டில் கலந்தாலும் காது அதைப் பிடித்துவிடுகிறது.

சிற்றலை எல்லா வண்டியிலும் உண்டு. ஆனால் எல்லா வண்டியிலும் அது ஸ்பீக்கர்வரை வருவதில்லை. அதற்கு வழி திறந்துவிடுவது பெரும்பாலும் எர்த்தான். செட்டின் எர்த் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் இருக்கிறது, ஆம்பின் எர்த் டிக்கியில் வேறோரிடத்தில் இருக்கிறது. வண்டியின் பாடி வழியாக டைனமோவின் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும்போது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. செட்டையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ ஒயரின் வெளிச்சுற்றும் (நடு இழையைச் சுற்றியிருக்கும் உலோக வலை) அதே இரண்டு இடங்களைச் சேர்ப்பதால், பாடியில் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதன் வழியாகவும் ஓடி, பாட்டோடு ஒட்டிக்கொண்டு ஆம்புக்குள் நுழைந்துவிடுகிறது.

இப்போது வால்யூம் சோதனை. வால்யூமைக் கூட்டினால் ஊளையும் கூடி, குறைத்தால் ஊளையும் குறைந்தால், அது செட்டின் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே நுழைகிறது என்று பொருள். போனைச் செட்டோடு இணைக்கும் ஆக்ஸ் ஒயர், போன், ரேடியோ ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஊளை அதே அளவில் கேட்டால், அது செட்டுக்குப் பிறகு, அதாவது ஆர்சிஏ ஒயரிலோ ஆம்பிலோ எர்த்திலோ நுழைகிறது. இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, பத்து நொடிதான் ஆகும். என்றாலும் பல ஆயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு வருபவர்களில் இதைச் செய்து பார்த்தவரைக் காண்பது அரிது.

பூஜ்யத்திலும் ஊளை கேட்டால் அடுத்த சோதனை ஆம்பில். பழைய ஆர்சிஏ பிளக் ஒன்றை எடுத்து, அதன் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பற்றவையுங்கள். இரண்டு சேனலுக்கும் இரண்டு பிளக் தேவை. செட்டை அணைத்து, ஆம்பில் செருகியிருக்கும் ஆர்சிஏ ஒயர்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பிளக்குகளைச் செருகி, செட்டை மீண்டும் ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். இந்தப் பிளக்கைச் செட்டின் வெளியீட்டில் மட்டும் ஒருபோதும் செருகக் கூடாது. இப்போதும் ஊளை கேட்டால், அது ஆம்பின் பவர் ஒயர், எர்த், அல்லது ஸ்பீக்கர் ஒயர் வழியாக வருகிறது. அல்லது ஆம்பே பழுது. ஊளை முற்றிலும் போய்விட்டால் ஆம்பின் மேல் குற்றமில்லை, அதற்கு முன்னால் உள்ளதைப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாகப் போனை எடுங்கள். சார்ஜரில் செருகாத போனிலிருந்து ஆக்ஸ்–ஆர்சிஏ ஒயரை நேராக ஆம்புக்குக் கொடுத்துப் பாட்டை ஓடவிட்டு, நடுவில் நிறுத்திக் கேளுங்கள். போன் தன் பேட்டரியில் ஓடுவதால் அதற்கும் வண்டியின் எர்த்துக்கும் வேறு தொடர்பு இல்லை. இப்போது சுத்தமாகக் கேட்டால், ஊளை செட்டிலிருந்தோ செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவே ஓடும் ஆர்சிஏ ஒயரிலிருந்தோதான் வருகிறது. அதே போனைச் செட்டுப் பக்கத்து ஆர்சிஏ முனையில் மாட்டி, டிக்கிவரை ஓடும் ஒயர் வழியாகவே ஆம்புக்குப் பாட்டை அனுப்பிப் பாருங்கள். ஊளை திரும்பி வந்தால் அந்த ஒயர் பவர் ஒயரோடு ஒட்டி ஓடுகிறது, அல்லது உள்ளே வெளிச்சுற்று அறுந்திருக்கிறது. வராவிட்டால் செட்டைச் சந்தேகிக்கலாம்.

செட்டில் சந்தேகம் என்றால் மீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஆர்சிஏ ஒயரைக் கழற்றிய நிலையில், செட்டின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் செட்டின் உலோக உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். சில செட்டுகளுக்குள் இந்த வழியில் அரிசிமணி அளவில் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும். பொருத்தும்போது செட்டின் எர்த் ஒயரை மாட்டுவதற்கு முன்பே ஆர்சிஏவை மாட்டிவிட்டுப் பவரைக் கொடுத்தால், செட்டின் மொத்த மின்னோட்டமும் அந்த வெளிச்சுற்று வழியாகத் திரும்பி ஃபியூஸைத் தின்றுவிடும். பிறகு எத்தனை புது ஒயர் மாற்றினாலும் ஊளை போகாது. ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு டாக்சியில் மூன்று ஆர்சிஏ ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் பழையதை எடுக்காமலேயே புதியதை இழுத்திருக்கிறார்கள். மீட்டர் முள் முனையை வளையத்தில் வைத்ததும் வழி அறுந்திருப்பது தெரிந்துவிட்டது. ஆர்சிஏ வெளி வளையத்தையும் செட்டின் உடலையும் ஒரு சிறு ஒயரால் சேர்த்ததும் அந்த வண்டி அமைதியானது. நிரந்தரத் தீர்வு உள்ளே ஃபியூஸை மாற்றுவது. அந்த ஒயர் அதுவரைக்கும் உதவும்.

ஆம்பில் பிளக் செருகிய பிறகும் ஊளை போகாதவர்கள் எர்த்தைப் பார்க்க வேண்டும். இங்கே பலரும் ஓம் அளவை எடுத்து "பூஜ்யம்தான் காட்டுகிறது" என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். மீட்டர் ஒயர்களுக்கே பத்தில் இரண்டு மூன்று ஓம் இருக்கும்போது, ஆயிரத்தில் சில பங்கு ஓமை அது எப்படிக் காட்டும்? மின்னோட்டம் ஓடும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்பதை அளப்பதே சரியான வழி. ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஒயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கவ்வி, கண்ணாடி வழியாக டிக்கிவரை கொண்டுவந்து மீட்டரின் ஒரு முனையோடு சேருங்கள். மீட்டரை நேர்மின்சார 2 வோல்ட் நிலையில் வைத்து, மறுமுனையை ஆம்பின் எர்த் திருகிலேயே வையுங்கள். எஞ்சின் ஓட, ஏசியும் ஹெட்லைட்டும் எரிய, பாட்டைச் சத்தமாக வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் எங்கே விழுகிறது என்று முனையை நகர்த்திக்கொண்டே போய்ப் பிடித்துவிடலாம்: ஆம்ப் திருகுக்கும் எர்த் ஒயரின் முனையில் அமுக்கியிருக்கும் உலோக வளையமான லக்குக்கும் நடுவிலா, லக்குக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவிலா, அல்லது பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவிலா என்று.

லக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் என்றால் காரணம் பெரும்பாலும் பெயின்ட். போல்டை இறுக்கிவிட்டால் போதும் என்று நினைத்துப் பெயின்ட்டின் மேலேயே லக்கை வைத்திருப்பார்கள். உப்புத்தாளால் வெறும் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன்மேல் துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே பருமனில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்டில் எர்த் எடுப்பது எளிதாகத் தோன்றும்; ஆனால் உயிர் காக்கும் போல்டை ஒயருக்காகக் கழற்றி மாட்டுவது சரியல்ல, அதன் திருகில் பூசியிருக்கும் பசையால் தொடர்பும் சரியாகக் கிடைக்காது. புதிய துளை போடுவதாக இருந்தால், பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டே துரப்பணத்தை எடுங்கள்.

பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவில் விழுந்தால் பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா, எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் பின்னல் ஒயர் இற்றுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பின்னல் ஒயர் பழுதான வண்டியில் காலையில் செல்ஃப் மெதுவாகச் சுற்றும். அந்த அறிகுறியும் கூட இருந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சிறு சென்சார் பொருத்தப்பட்ட புதிய வண்டிகளில், ஆம்பின் எர்த்தை அந்த முனையில் நேரே மாட்டிவிடக் கூடாது. சென்சாரைத் தாண்டிய பாடிப் புள்ளியில்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் போய்வருகிறது என்ற கணக்கு வண்டிக்குத் தப்பாகிவிடும்.

ஒயரின் தரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விலை மலிந்த வயரிங் கிட்டுகளில் செம்பு பூசிய அலுமினியம்தான் இருக்கும். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியம் செம்பின் கடத்துதிறனில் ஐந்தில் மூன்று பங்குதான் தரும். 8 கேஜ் பருமனுள்ள செம்பு ஒயர் ஐந்து மீட்டரில் 40 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் விழும். அதே அளவு மலிவு ஒயரில் 0.6 வோல்ட்டைத் தாண்டிவிடும். பவர் ஒயர் எதுவாக இருந்தாலும் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். இது இரைச்சலுக்காக அல்ல, தீ பிடிக்காமல் இருப்பதற்காக. அந்தப் பவர் ஒயர் ஒரு பக்கத்துக் கதவோரமும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கத்துக் கதவோரமும் ஓடட்டும். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோலக் குறுக்கிடட்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஊளை போகாவிட்டால் மட்டுமே டைனமோவைச் சந்தேகியுங்கள். ஒரு டயோடு பழுதானால் சிற்றலை பெரிதாகி, ஊளை கரகரத்த குரலாக மாறும். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரியக்கூடும். இரவு நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மாறுமின்சார நிலையில் அளந்தால் நல்ல டைனமோவில் 0.1 வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்கும். அரை வோல்ட்டைத் தொட்டால் டயோடு போய்விட்டது என்று கொள்ளலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சிறு மீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். அதன் மாறுமின்சார நிலை 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. அதோடு நேர்மின்சாரத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டு 12 வோல்ட் பேட்டரிக்கு 25, 28 என்று காட்டும். முனைகளை மாற்றிப் பிடித்ததும் அளவு பூஜ்யமாகிவிட்டால் உங்கள் மீட்டரும் அந்த வகைதான். அந்த அளவை வைத்து டைனமோவைப் பிரித்துவிடாதீர்கள்.

போனைச் சார்ஜில் போட்டால் மட்டும் வரும் ஊளை

ஆம்பே இல்லாத வண்டியிலும் இது வரும். போன் சார்ஜர் சிகரெட் சாக்கெட்டிலிருந்து எர்த் எடுக்கிறது. ஆக்ஸ் ஒயர் செட்டின் எர்த்தைப் போனுக்குக் கொண்டுவருகிறது. போன் இரண்டுக்கும் பாலமாகிவிடுகிறது. சார்ஜரை உருவியதும் சத்தம் உடனே நின்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ப்ளூடூத்தில் பாட்டை ஓடவிடலாம், அல்லது செட்டின் யூஎஸ்பியிலேயே போனைச் செருகிப் பாட்டையும் சார்ஜையும் ஒரே ஒயரில் எடுக்கலாம். ஆக்ஸ் ஒயரை விட மனமில்லாதவர்கள் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் வைத்து எர்த் வழியை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை ஆக்ஸில் போடலாம். இந்த ஓரிடத்தில் மட்டும் நான் அதைத் தயங்காமல் சொல்வேன்.

போன் அருகில் இருந்தால் அழைப்பு வருவதற்கு முன் "டிக்-டிக்-டிர்ர்ர்" என்று ஸ்பீக்கர் முனகுவதை எஞ்சின் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அது பழைய 2ஜி அலை நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிப்பது. போனை ஓர் அடி தள்ளி வைத்தால் போய்விடும்.

ரேஸோடு சேர்ந்து வரும் கடகடப்பு

சுருதி ஏறாமல், பட்டாணி வறுப்பதுபோல வெடித்து வெடித்து, ரேஸ் கூடினால் அடர்த்தி மட்டும் கூடும் சத்தம் இது. பெட்ரோல் வண்டியென்றால் இக்னிஷனிலிருந்து வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 800 சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 27 முறை தீப்பொறி போடும். மூன்று சிலிண்டர் வண்டி 20 முறை. ஒவ்வொரு பொறியும் சிறு வானொலி நிலையம்போல அலை பரப்பும். அதை அடக்கத்தான் பிளக்குக்குள் ஏறக்குறைய 5 கிலோஓம் தடை வைத்திருக்கிறார்கள். பிளக் எண்ணில் ஆர் என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. பிபி6இஎஸ் என்பது தடையில்லாதது, பிபிஆர்6இஎஸ் தடையுள்ளது. சர்வீஸின்போது கிடைத்ததை மாட்டிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். பிளக் ஒயர் வைத்த பழைய வண்டியென்றால், அமாவாசை இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வெடித்த ஒயரில் நீல நிறத்தில் பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

டீசல் வண்டியில் தீப்பொறியே கிடையாது. ஆகவே ஆம்பூரிலிருந்து தோல் சரக்கு ஏற்றிவரும் டீசல் வண்டியில் இந்தச் சத்தம் வந்தால் பிளக்கைத் தேட வேண்டாம். டீசலைத் தெளிக்கும் சிஆர்டிஐ இன்ஜெக்டர்களை இயக்கும் ஒயர்கூட்டத்தோடு ஆடியோ பவர் ஒயர் ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் இரண்டும் ஒரே துளையில் திணிக்கப்பட்டிருப்பது வழக்கம்.

ரேடியோவில் மட்டும் கேட்கும் இரைச்சல்

ஆன்டெனா ஒயரைச் செட்டிலிருந்து உருவுங்கள். சத்தம் நின்றால் அது காற்று வழியாக ஆன்டெனாவில் நுழைகிறது. நிற்காவிட்டால் பவர் ஒயர் வழியாக. வேலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தூரம் என்பதால், 101.4-இல் ரெயின்போ எஃப்எம்மைப் பிடிக்க முயல்பவருக்கும் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் சென்னை வானொலியைக் கேட்டுப் பழகிய பெரியவர்களுக்கும் சென்னையில் கிடைக்கும் அளவு வலுவாக அலை வந்து சேராது. அந்த நிலையில் சின்னஞ்சிறு இரைச்சலும் பெரிதாகக் கேட்கும். மலிவு யூஎஸ்பி சார்ஜர், டேஷ் கேமரா, பிறகு மாட்டிய எல்இடி ஹெட்லைட் பல்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். இவற்றுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்றுகள் மிக வேகமாக மின்சாரத்தைத் திறந்து மூடுவதால் வானொலி அலைவரிசைகள்வரை குப்பை பரப்புகின்றன. மூன்றும் குற்றமற்றவை என்றால் ஆன்டெனாவின் அடிப்பகுதியைக் கழற்றி, அது கூரைத் தகட்டோடு சேரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

எஞ்சினின் தலையில் தவறாகக் கட்டப்படும் சத்தங்கள்

சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி "ம்ம்ம்" என்று வந்து நின்று, ஸ்டார்ட் செய்ததும் மீண்டும் வந்து ரேஸால் மாறாமல் தொடர்வது பெட்ரோல் பம்ப். பின் சீட்டுக்கு அடியில் பம்ப் ஒயரைக் கடக்கும் ஆர்சிஏவை நகர்த்துங்கள். ஏசி புளோயரின் வேகத்தைக் கூட்டினால் மட்டும் மாறுவது புளோயர் மோட்டாரின் கார்பன். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் வருவது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். அதுவும் செட்டும் ஒரே எர்த் போல்டில் இருக்கக்கூடும். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவில் கேட்கும் "ஸ்ஸ்ஸ்" என்பது ஆம்பின் கெயின் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. கெயின் என்பது வால்யூம் அல்ல; செட்டின் வெளியீடு 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்பதற்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. அதைக் குறைத்து, செட்டின் வால்யூமைக் கூட்டிக் கேளுங்கள்.

கம்பெனி செட்டோடு ஆம்ப் சேர்த்த வண்டிகள்

கம்பெனியிலிருந்து வரும் தொடுதிரை செட்டுகள் பலவற்றில் ஆர்சிஏ வெளியீடு இருக்காது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே ஒரு கன்வெர்ட்டர் வழியாக ஆம்புக்குப் பாட்டை எடுக்க வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் எர்த்தும் ஒன்றே என்று நினைப்பது. செட்டை ஆன் செய்து, ஸ்பீக்கரின் எந்த ஒயருக்கும் பாடிக்கும் நடுவே நேர்மின்சார நிலையில் அளந்து பாருங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலுமே 6 வோல்ட் அளவில் காட்டும். இந்தச் செட்டுகளில் இரண்டு ஒயர்களும் பாட்டை எதிரெதிராக இழுப்பவை. எதுவும் எர்த் அல்ல. மைனஸைப் பாடியில் தொட்டால் செட்டின் வெளியீட்டு ஐசி போய்விடும். கன்வெர்ட்டர் மைனஸ்களை உள்ளேயே எர்த்தோடு சேர்த்துவிடும் மலிவு வகையாக இருந்தால் ஊளை வருவது உறுதி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கன்வெர்ட்டரையோ, ஸ்பீக்கர் ஒயரையே நேரடியாக ஏற்கும் ஆம்பையோ வாங்குங்கள்.

ஃபில்டரும் ஐசொலேட்டரும் எப்போது

ஆர்சிஏ ஒயரில் போடும் ஐசொலேட்டருக்குள் இருப்பது சிறு டிரான்ஸ்ஃபார்மர். அது எர்த் வழியை அறுத்துவிடுவதால் ஊளை நின்றுவிடும். ஆனால் மலிவு வகைகளில் ஆழ்ந்த பாஸ் மெலிந்துவிடும். பறை, தவில் கேட்பவருக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். பவர் ஒயரில் போடும் காயில் ஃபில்டர் செட்டுக்குப் பயன்படலாம். பெரிய ஆம்புக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தாங்கும் காயில் எளிதாகக் கிடைக்காது. போன் சோதனையிலும் மீட்டர் சோதனையிலும் எர்த் சரியென்று தெரிந்த பிறகு, செட்டை மாற்ற மனமில்லாதபோது மட்டும் இவற்றை வாங்குங்கள்.

குழியில் விழுந்தால் மட்டும் வரும் ஊளை

நின்ற இடத்தில் எத்தனை ரேஸ் கொடுத்தாலும் வராமல், ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதும் பாலாற்றங்கரை மண்சாலையில் குலுங்கும்போதும் மட்டும் வரும் ஊளை மனிதரைப் பைத்தியமாக்கும். மலையில் வந்த சத்தம் ஷெட்டில் வராது. இதற்கு ஓர் ஆள் துணை வேண்டும். எஞ்சின் ஓட, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கேட்க, மற்றவர் ஆம்பின் எர்த் லக்கில் தொடங்கி, செட்டிலிருந்து ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயர், ஆர்சிஏ பிளக்குகள், செட்டின் பின்னால் உள்ள கப்ளர் என ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே வர வேண்டும். நான் பார்த்த ஒரு வண்டியில் லக்கை அதற்குரிய அமுக்கும் கருவியால் அமுக்காமல், கட்டிங் பிளேயரால் நசுக்கி மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது. இழைகளில் ஏழெட்டு மட்டும் லக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றவை வெயில் சூட்டில் டேப்பின் பசை உருகிக் கறுத்துக் கிடந்தன. புது லக் ஒன்று, சரியான அமுக்கு, மேலே சூட்டில் சுருங்கும் உறை. உரிமையாளர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏலகிரிக்குப் போய், பதினான்காவது வளைவிலிருந்து போன் செய்தார். பின்னணியில் பாட்டு மட்டும்தான் கேட்டது.